ஆடுகளுக்குத் தெரிந்த எல்லை: வெஸ்ட்மர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

வெஸ்ட்மர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ் கவுன்சிலின் உறுப்பினர்கள் 65 பேருக்கும் வணக்கம்.

வடமேற்கு இங்கிலாந்தில், கிராஸ் ஃபெல் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஈடன் பள்ளத்தாக்குக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடு வீடாகப் போய், தனியே இருக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்து, இரண்டு வாய் சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவதுதான் என் வேலை. இந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் சந்தில் இரண்டு கார்கள் எதிரெதிரே வர முடியாது, எந்த ஓடை மழைக்கு முதலில் கரை மீறும், எந்தப் பண்ணை வாசலில் நாய் அவிழ்த்து விடப்பட்டிருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உங்களிடம் பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

இதே செய்தி ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. "நீ இருக்கும் மாவட்டத்தையே எடுத்துவிட்டார்களாமே, அப்படியென்றால் என்ன?" என்று என் உறவுக்காரர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே மாவட்டக் கவுன்சில் என்பது நம்மூர் மாவட்டம் போலப் பெரிதல்ல, ஏறக்குறைய ஓர் ஊராட்சி ஒன்றியம். குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி தருவது, வீடில்லாதவருக்கு வீடு பார்ப்பது, உணவுக் கடைகளைச் சோதிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு ஆகியவை அதற்கு மேலே இருந்த கவுன்ட்டி கவுன்சிலின் பொறுப்பு.

1974 ஏப்ரல் 1 அன்று பிறந்த ஈடன் மாவட்டக் கவுன்சில் 2023 ஏப்ரல் 1 அன்று இல்லாமல் போனது. 49 ஆண்டுகள். கம்ப்ரியா கவுன்ட்டி கவுன்சிலையும் அதற்குள் இருந்த ஆறு மாவட்டக் கவுன்சில்களையும் கலைத்து, இரண்டே இரண்டு கவுன்சில்களாக ஆக்கினார்கள். ஈடனும் சவுத் லேக்லாண்டும் பேரோவும் சேர்ந்ததுதான் நீங்கள். பென்ரித்தும் ஆல்ஸ்டனும் பழைய கம்பர்லாந்தைச் சேர்ந்த ஊர்கள். இன்று பக்கத்துக் கவுன்சிலுக்குக் கம்பர்லாந்து என்று பெயர், இவ்விரண்டு ஊர்களும் வெஸ்ட்மர்லாண்ட் என்ற பெயரின் கீழே இருக்கின்றன. ஆனால் ஆப்பிள்பிக்காரர்களுக்கு அந்தப் பெயர் திரும்பி வந்ததில் மகிழ்ச்சிதான். 1974-இல் வெஸ்ட்மர்லாண்ட் கவுன்ட்டி மறைந்தபோது, பெயராவது நிற்கட்டும் என்று தங்கள் ஊரை 'ஆப்பிள்பி இன் வெஸ்ட்மர்லாண்ட்' என்று மாற்றி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பெயரை இங்கே யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் பெயருக்காக வாதாட வரவில்லை. கலைக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. கலைத்தபோது கூடவே கலைந்துபோகும் ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு நான் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவர் மலைப்பண்ணைக்காரர். எண்பதைத் தாண்டியவர். நான் போன காலத்தில் அவரால் நாற்காலியை விட்டு எழ முடியாது. ஆனால் சன்னலுக்கு எதிரே மலை தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். சோப்பு நுரை பூசிய முகத்தோடு கையை நீட்டி, "அந்தக் கற்சுவர் முடிகிற இடம் தெரிகிறதா? அதற்கு மேலே சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. என் ஆடுகள் அந்த ஓடையைத் தாண்டாது. பக்கத்துப் பண்ணை ஆடு இந்தப் பக்கம் வராது. யார் சொல்லிக் கொடுத்தது, சொல்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தாய்" என்றார்.

இந்த மலைகளில் பொது மேய்ச்சல் நிலம் மைல் கணக்கில் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு பண்ணையின் மந்தைக்கும் தன் பங்கு நிலம் எதுவென்று தெரியும். குட்டி தாயின் பின்னாலேயே போய், எங்கே புல் நன்றாக இருக்கும், பனிக்காற்று அடித்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், எங்கே திரும்பிவிட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. அதன் குட்டிக்கு அது கற்றுக் கொடுக்கிறது. இந்தப் பழகிய நிலத்தை இங்கே 'ஹீஃப்' என்பார்கள், வேறு இடங்களில் 'ஹெஃப்ட்' என்பார்கள். பண்ணை கைமாறினாலும் மந்தை நிலத்தோடேயே போகும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மலை ஊமையாகிவிடும் என்று அவர் சொன்னார்.

2001-இல் அது நடந்தது. கோமாரி நோய் வந்த ஆண்டு. கம்ப்ரியாவில் மட்டும் 893 பண்ணைகளில் நோய் உறுதியானது, நாட்டிலேயே அதிகம். அந்தப் பெருநோயின் கடைசிப் பண்ணையும் இந்த ஈடனில்தான், ஆப்பிள்பிக்குப் பக்கத்தில், செப்டம்பர் 30 அன்று உறுதிசெய்யப்பட்டது. பெரியவருடைய மந்தைக்கு நோய் வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்கு வந்தது. எல்லை ஒட்டியது என்பதால் அவருடையதையும் சுட்டார்கள். அன்று மத்தியானம் வரை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றார். யான், டான், டெத்தெரா, மெத்தெரா, பிம்ப் என்று ஐந்து வரைக்கும் எண்ணிக் காட்டினார். இந்த மலைக்காரர்கள் ஆடு எண்ணும் பழைய எண்கள் அவை. அதற்கு மேல் எண்ணவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நுரை காய்ந்துபோயிருந்தது. வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

அரசு இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் அதே சுவேல்டேல் இன ஆடுகளை வாங்கினார். நல்ல ஆடுகள். ஆனால் அவற்றுக்கு மலை தெரியாது. அவிழ்த்துவிட்ட அன்று மாலைக்குள் மூன்று திசைகளில் பிரிந்துபோய்விட்டன. பிறகு ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் அவரும் அவர் மகனும் நாயோடு ஓடைக்கரையில் நின்று ஆடுகளைத் திருப்பி விட்டார்கள். மழையிலும் நின்றார்கள். "எத்தனை நாள்?" என்று கேட்டேன். "நாளா? ஐந்து வருடம், பெண்ணே" என்றார்.

உறுப்பினர்களே, ஒரு நிலத்தைப் பார்த்துக்கொள்வதற்கு வேண்டிய அறிவு அந்த ஆடுகளுக்கு இருந்த அறிவைப் போன்றதுதான். கோப்பில் எழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட முடியாது. எந்தச் சிறுபாலத்தின் அடியில் சருகு அடைத்துக்கொள்ளும், எந்த ஊர் மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும், ஹெல்ம் காற்று எந்தச் சரிவில் இறங்கி எந்தச் சந்தில் போகும் என்பதெல்லாம் 49 ஆண்டுகளில் அலுவலர்களின் கால்களில் ஏறிய அறிவு. அந்த ஹெல்ம் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் தனக்கென்று பெயர் வைத்துக்கொண்ட ஒரே காற்று அது. கிராஸ் ஃபெல் முகட்டில் வெள்ளைப் பாய் விரித்ததுபோல ஒரு மேகம் அசையாமல் நிற்கும். கீழே வானம் தெளிவாக இருக்கும். வடகிழக்கிலிருந்து காற்று சரிவில் உருண்டு இறங்கி, கொடியில் போட்ட துணியைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விடும். அதைப் பார்க்காதவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு பஸ் நிழற்குடை கட்டினால், வாயை வடகிழக்கே வைத்துக் கட்டுவார்.

கவுன்சில் சின்னதாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கிரேட் மஸ்க்ரேவ் பாலம்.

1862-இல் ரயில்பாதைக்கு மேலே கட்டிய கல்வளைவுப் பாலம் அது. கீழே இருந்த பாதை மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் ஆப்பிள்பி பக்கம் ஒரு பாரம்பரிய ரயில் சங்கமும் கர்க்பி ஸ்டீவன் பக்கம் இன்னொரு சங்கமும் இருக்கின்றன. என்றைக்காவது இரண்டையும் தண்டவாளத்தால் இணைத்துவிடலாம் என்பது அவர்களுடைய கனவு. அதற்கு இந்தப் பாலத்தின் அடியில்தான் போயாக வேண்டும். நாடு முழுவதும் இப்படிக் கைவிடப்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமான ரயில் கட்டுமானங்களைப் பராமரிக்கும் பொறுப்பு நேஷனல் ஹைவேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பாரம் தாங்காது என்று கவலைப்பட்டு, அவசரப் பணி என்ற விதியைக் காட்டி, 2021-இல் வளைவின் அடியில் ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லையும் கான்கிரீட்டையும் கொட்டி அடைத்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போகும் வழி அது. வளைவு வழியாக மறுபக்கத்து மரங்கள் தெரிந்த இடத்தில் ஒருநாள் சாம்பல் நிறச் சரிவு நின்றது.

அவசர விதி தற்காலிகம். அதை நிலையாக வைத்திருக்க ஈடன் மாவட்டக் கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் வந்தது. 900-க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகளும் வந்தன. 2022 ஜூனில் கவுன்சில் அனுமதி மறுத்தது. கொட்டியதை அள்ளிக்கொண்டு போகச் சொன்னது. தேசம் முழுவதற்குமான ஒரு நிறுவனம், ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கான ஒரு கவுன்சிலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, 2023-இல் கான்கிரீட்டை உடைத்து எடுத்தது. அதற்குள் அந்தக் கவுன்சில் இருக்கவில்லை. ஆனால் வளைவு திறந்துவிட்டது. மரங்கள் மறுபடியும் தெரிகின்றன.

மூவாயிரத்தில் ஒன்றாகப் பார்த்தால் அது ஒரு பட்டியல் எண். ஈடனில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு அது மஸ்க்ரேவ் பாலம். இந்த வேறுபாட்டைத்தான் நான் உங்கள் முன்னே வைக்கிறேன்.

இனி உங்கள் தரப்பு நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை உண்மையான நியாயங்கள். முன்பெல்லாம் ஒரு முதியவருக்காகக் குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டுமென்றால், அவரை மதிப்பிடுவது ஒரு கவுன்சில், மானியம் கொடுப்பது இன்னொரு கவுன்சில். குழி விழுந்த சாலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது கதவு ஒன்றுதான். பராமரிப்பும் வீட்டுவசதியும் ஒரே கூரையின் கீழ் வந்தது என் வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எண்களைப் பாருங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பேரோவில் சுமார் 67,400 பேர். அவர்கள் இருப்பது 78 சதுர கிலோமீட்டரில். ஈடனில் சுமார் 54,700 பேர். நாங்கள் பரந்து கிடப்பது 2,142 சதுர கிலோமீட்டரில். சதுர கிலோமீட்டருக்கு இருபத்தைந்து பேர்தான். பேரோவில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள். அரசின் கண்ணும் பணமும் அங்கே போகின்றன. அந்த ஊரின் ஏழ்மையும் பெரிது, அந்த ஊருக்கு வேண்டியதைச் செய்வதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஈடனுக்கு எப்போதும் குறையும், ஏனென்றால் இங்கே செலவு தலையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ஆல்ஸ்டனிலிருந்து பேரோவுக்கு ஏறத்தாழ 80 மைல், அதுவும் ஹார்ட்சைட் கணவாயின் 580 மீட்டர் உயரத்தை ஏறி இறங்கி. ஈடன் மாவட்டக் கவுன்சிலுக்கு மட்டும் 38 உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து நீங்கள் 65 பேர்.

தூரம் என்றால் என்னவென்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். நகரத்தில் பராமரிப்புப் பணியாளர் ஒரே தெருவில் நான்கு வீடுகளைப் பார்த்துவிடுவார். எனக்கு முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நடுவே இருபது நிமிடம். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் முப்பது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வீட்டுக்குள் இருந்த நிமிடங்களுக்கு மட்டும் கூலி தந்தார்கள். காரில் போன நேரம் கணக்கில் வரவில்லை. அரை மணி நேரம் ஓட்டிப் போய் அரை மணி நேரம் வேலை செய்தால், பாதி நாள் இலவசம். என்னோடு சேர்ந்த மூன்று பேர் ஓராண்டுக்குள் விலகிவிட்டார்கள். விலகியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி வீட்டில் இருந்த அம்மா ஒருவர் மட்டும் வாரக்கணக்கில் தினம் ஒரு புது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக்குள் அந்நியர் வருவதற்கு வெட்கப்பட்டு, பல நாட்கள் குளிக்காமலேயே இருந்துவிட்டார்.

இந்த இடத்தில் லண்டன் அரசையும் சொல்லியாக வேண்டும். ஆள் நெருக்கம் குறைந்த பகுதிகளுக்கென்று தனியே கொடுத்துவந்த கிராமப்புறச் சேவை மானியம், நாடு முழுவதற்கும் 11 கோடி பவுண்டு, 2025-26 நிதியாண்டிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நிறுத்தியது நீங்கள் அல்ல என்று தெரியும். ஆனால் மேலே குறைத்ததைக் கீழே எங்கே ஈடுகட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்று தீர்மானிப்பது நீங்கள். அந்தத் தீர்மானத்தில் மைலுக்கும் ஒரு விலை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்குள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஃபெல்ரன்னர் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் இறுதியிலிருந்து ஓடுகிறது. ஓட்டுநர்கள் எல்லாம் தொண்டர்கள். கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பென்ரித்துக்குப் போகும். என் கார் பழுதான வாரத்தில் அதில் போனேன். கோட்டும் தொப்பியுமாக ஒரு பாட்டி படியில் ஏறும்போதே, ஓட்டுநர் இறங்கி வந்து அவருடைய சக்கரப் பையை வாங்கி வைத்தார். இரண்டு நிறுத்தம் தள்ளி வழக்கமாக ஏறும் ஒருவர் நிற்கவில்லை. வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகும் வரவில்லை. பஸ்ஸில் இருந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சளி, இன்றைக்கு வரவில்லை, ஆனால் ரொட்டியும் இருமல் மருந்தும் வேண்டும் என்று பதில் வந்தது. திரும்பும்போது அவருடைய வாசலில் நிறுத்தி இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனோம். இந்தச் சேவைக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று எனக்குப் புரியவில்லை. போக்குவரத்தா, மருத்துவமா, முதியோர் நலமா? மூன்றும்தான்.

லிவெனெட் பள்ளத்தாக்கில் கிராஸ்பி ரேவன்ஸ்வொர்த் என்று ஒரு கிராமம். 2011-இல் ஊரின் கடைசி பப் கையை விட்டுப் போகும் நிலையில், சுமார் 300 பேர் பங்கு போட்டு அதை வாங்கிக்கொண்டார்கள். ஊர் அறக்கட்டளை ஒன்றை வைத்து, உள்ளூர்க்காரர்கள் கட்டுப்படியாகும் செலவில் இருக்கப் புதிய வீடுகளும் கட்டினார்கள். இங்கே பப் என்றால் வெறும் மதுக்கடை என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது திண்ணை. சாவுச் செய்தியும் கன்று விலையும் அங்கேதான் பேசுவார்கள். ஆல்ஸ்டனில் ஈயச் சுரங்கம் செழித்த காலத்தில் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இன்று சுமார் 2,000. அந்தச் சின்ன மலையூர் 2000களின் தொடக்கத்திலேயே சைபர்மூர் என்ற கூட்டுறவின் மூலம் தனக்கு இணையத்தைத் தானே கொண்டுவந்துகொண்டது. இதையெல்லாம் சொல்வதில் எனக்குப் பெருமை இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. "அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஃபெல்ரன்னர் ஓட்டும் தொண்டர்களுக்கும் வயதாகிறது. ஊர் செய்வதற்கு ஊக்கம் கொடுங்கள், ஊர் செய்கிறதே என்று கையை எடுத்துவிடாதீர்கள்.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்கால மாலையில் அல்ஸ்வாட்டர் ஏரிப்பக்கத்துக் கிராமம் எதிலாவது நடந்து பாருங்கள். விளக்கு எரியும் சன்னல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை விடுமுறை வீடுகள். இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பென்ரித்தில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்கிறார்கள், அல்லது கார்லைலுக்குப் போய்விடுகிறார்கள். பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் அழுகிறோம். ஆள் தங்க இடம் இருந்தால் ஆள் கிடைக்கும். இரண்டாம் வீடுகளுக்கு இரட்டிப்பு வரி போட 2025 ஏப்ரலிலிருந்து சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி வரும் கூடுதல் பணம் எந்தக் கிராமத்து வீடுகளிலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்திலேயே வாடகை வீடாகத் திரும்ப வேண்டும். பொதுக் கணக்கில் கரைந்துவிட்டால் அதற்கு என்ன பயன் இருந்தது என்று கேட்டால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஆப்பிள்பி குதிரைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜூனிலும் ஜிப்சி, டிராவலர் என்னும் நாடோடிச் சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், வேடிக்கை பார்க்க அதைவிடப் பெரிய கூட்டம் வருகிறது. மூவாயிரம் பேர் இருக்கும் ஊரில் குதிரைகளை ஈடன் ஆற்றில் இறக்கிக் கழுவுவார்கள். கழிப்பிடம், தண்ணீர், குப்பை, மேய்ச்சல் இடம், விலங்கு நலம், போலீஸ் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் குழுவை ஆண்டுக்கணக்கில் ஈடன் மாவட்டக் கவுன்சில் முன்னின்று நடத்தியது. ஊரில் சந்தையை நேசிப்பவர்களும் உண்டு, அந்த வாரம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுபவர்களும் உண்டு. வருகிறவர்களில் எந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர்கள் இருந்ததால்தான் இரு தரப்புக்கும் நடுவே ஓர் இணக்கம் நின்றது. அப்படிப்பட்ட அலுவலர் ஒருவர் ஓய்வுபெற்றால் அவருடைய நாற்காலியை நிரப்பிவிடலாம். அவர் போவதற்கு முன்பே இரண்டு ஜூன் மாதங்களாவது அடுத்தவரை அவரோடு கூட அனுப்ப வேண்டும். குட்டி தாயோடு போகிறதே, அதுபோல.

இனி என் கோரிக்கைகள்.

ஈடன், ஃபர்னஸ் (அதுதான் பேரோ பகுதி), சவுத் லேக்லாண்ட் என்று மூன்று வட்டார வாரியங்களை நீங்கள் அமைத்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கருத்துச் சொல்லும் மன்றமாக அது நின்றுவிடக் கூடாது. ஈடன் வாரியத்தின் கையில் தானே செலவழிக்கக்கூடிய பணமும், கிராமப் பஸ், ஊர் மண்டபம், வெள்ளத் தடுப்புச் சிறுபணிகள் ஆகியவற்றில் இறுதி முடிவெடுக்கும் உரிமையும் இருக்கட்டும். ஈடன் மண்ணில் எழும்பும் கட்டடத்துக்கான விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காகவும் ஈடனை விட்டு வெளியே போய்த் தீர்மானிக்கப்பட வேண்டாம். கூட்டங்களை பென்ரித்தோடு நிறுத்தாமல் ஆல்ஸ்டனிலும் கர்க்பி ஸ்டீவனிலும் நடத்துங்கள், கணினித் திரையில் அல்லாமல் ஆட்கள் வந்து உட்காரும் கூட்டங்களாக.

பராமரிப்பு ஒப்பந்தங்களில் சாலையில் போகும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, கொடுக்கப்படுகிறதா என்று பணியாளர்களிடமே நேரில் கேளுங்கள்.

லாங்வத்பியில் ஈடன் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். 1968 வெள்ளத்தில் அங்கிருந்த கற்பாலம் போனது. அவசரத்துக்கு ஓர் இரும்புப் பாலத்தைத் தற்காலிகமாகப் போட்டார்கள். இன்றும் ஒற்றை வரிசையில் நின்று, எதிரே வரும் லாரிக்கு வழிவிட்டு, அதன் மேல்தான் போகிறோம். பூலி பிரிட்ஜில் 2015 டிசம்பர் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது ஐந்து ஆண்டுகளுக்குள் புதிய பாலம் வந்தது. அது ஏரிக்கரை, சுற்றுலா ஊர். லாங்வத்பி வழியாகப் போவது நாங்களும் பால் லாரிகளும். 2023-இல் உங்கள் கைக்கு வந்த பொறுப்புகளில் 1968-இல் வந்த இந்தத் தற்காலிகமும் ஒன்று. அதற்கு ஒரு பதில் வேண்டும்.

கம்ப்ரியா முழுமைக்கும் ஒரு மேயரைக் கொண்டுவரும் ஏற்பாடும் இப்போது நடக்கிறது. இன்னும் ஒரு மாடி மேலே எழும்புகிறது. அந்த மேயரிடம் நீங்கள் போய்ப் பேசும்போது உங்கள் கோப்பில் பேரோவின் கப்பல் தளமும் கெண்டல் நகரமும் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கார்ரிகில், நென்ட்ஹெட், டஃப்டன், மில்பர்ன் என்ற எங்கள் கிராமங்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் போன குளிர்காலத்தில் காலமானார். அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வெளியே அவருடைய மகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். மந்தை இப்போது ஓடையைத் தாண்டுவதில்லை என்றார். உங்களில் யாராவது ஒரு நாள் வந்து பார்க்க விரும்பினால், அவர் மலைக்குக் கூட்டிப் போகச் சம்மதித்திருக்கிறார். ஏப்ரல் கடைசியில் வாருங்கள், அப்போதுதான் குட்டிகள் மேலே ஏறத் தொடங்கும். கனமான காலணி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

அன்புடன்,
ஈடன் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்